பூவரசம்பூவும் போர்வீரரும்

போர்க்களத்திற்குப் புறப்படும் வீரனை ஊர் கூடி வழியனுப்புவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். மாலையும் மேளமும் கொடியும் கோஷமும் அன்று அவனுக்கு உரியனவாகின்றன. போர் முடிந்து, கையோ காலோ இழந்தவனாக, அல்லது உடம்பிலே ஊறின்றி மனத்திலே ஆறாப் புண் கொண்டவனாக அவன் திரும்பி வரும் நாளிலே ஊர் அவனை எந்தக் கண்கொண்டு நோக்குகின்றது? 'ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யார் நான் யார்' என்னும் பழமொழி இவ்விடத்தே பொருந்துவது போல வேறெங்கும் பொருந்துமோ என்பது ஐயமே.

இப்பொருளை ஆராய்வதற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் இக்கொழும்பு மாநகரிலே, 1930 ஆம் ஆண்டுகளில், நம் வேலிகளிலே பூக்கும் ஒரு பூவின் பெயரால் எழுந்த இயக்கமொன்று இதற்குச் சிறந்த சான்றாக அமைந்துள்ளது. அதன் வரலாற்றிலே நமது வெள்ளவத்தைக்கும் ஓரிடமுண்டு. இளைஞர் பலர் இன்று மறந்துவிட்ட அவ்வரலாற்றை இம்மலரிலே நினைவுகூர்வது தகுதியாகும்.

முன்னோர் வகுத்த நெறி

போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்தல் தமிழரின் தொன்மையான வழக்கு. தக்க கல்லைத் தேர்தல் முதலாக, அதனைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துதல் ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. செங்கம், தருமபுரிப் பகுதிகளிலே கிடைத்துள்ள பல்லவர் காலத்து நடுகற்கள் இவ்வழக்கின் கண்கண்ட சாட்சிகள். கல்லோடு கடமை முடிந்துவிட்டதென்று நம் முன்னோர் எண்ணவில்லை. உயிர் கொடுத்தவனின் குடும்பம் பிழைக்கும் பொருட்டு நிலம் விட்டனர். அந்நிலத்தை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிக்கும். நெய்த்தோர் என்பது குருதி. இரத்தம் சிந்தியவனுக்காக விட்ட நிலம் என்பதே அப்பெயரின் கருத்து.

இறந்தவனைப் போற்றுவதிலும் அரிது, புண்பட்டு உயிரோடிருப்பவனைப் பேணுவது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிலே, கூதிர்க் காலத்து நள்ளிரவில், வாடைக் காற்று விளக்குச் சுடரை அலைக்க, மன்னன் உறக்கம் ஒழித்துப் பாசறையிலே புண்பட்ட வீரரைத் தானே சென்று காண்கின்றான். புறநானூற்றிலே அரிசில் கிழார் பாடிய பாட்டொன்று, புண்ணோடு வீடு சேர்ந்தவனை இல்லத்தார் காத்த விதத்தைக் காட்டுகின்றது. மனையிலே வேப்பந்தழை செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எழுப்பி, யாழும் மணியும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடி அவனருகே காவலிருந்தனராம்.

வியாச பாரதத்துச் சபா பருவத்திலே நாரத முனிவர் தருமபுத்திரனைக் கேட்கும் கேள்விகளும் இங்கே கருதத்தக்கன. உன் பொருட்டு உயிர் துறந்தோரின் மனைவியரைத் தாங்குகின்றாயா என்று கேட்கும் அம்முனிவர், போரிலே தோற்று உன்னை அடைந்த பகைவனையும் மகனைப்போலக் காக்கின்றாயா என்றும் கேட்கின்றார். தன் வீரனுக்குச் சோறும், தோற்றவனுக்கு அடைக்கலமும் என இவ்விரண்டையும் ஒருங்கே அரசனின் கடனாக நம் இதிகாசம் வைத்துள்ளமை ஆழ்ந்து சிந்திக்கற்பாலது.

இரு மலர்கள்

1918 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள் முதலாம் உலகப் போர் ஓய்ந்தது. பெல்ஜிய, பிரெஞ்சுப் போர்க்களங்களிலே குண்டு வீழ்ந்து கிளறுண்ட மண்ணில் செக்கச்செவேலெனப் பூத்த பொப்பி மலர், மாண்ட வீரரின் நினைவுச் சின்னமாயிற்று. 1921 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆம் நாளிலே பிரித்தானியாவில் அம்மலரைச் சீலையிலும் கடுதாசியிலும் செய்து விற்று, சேர்ந்த பணத்தைக் கொண்டு முன்னாட் படைவீரரை ஆதரித்தனர். பிரித்தானியக் கொடி பறந்த தேசங்களுக்கெல்லாம் அவ்வழக்கம் பரவியது. இலங்கையிலும் பொப்பி தினம் வந்தது. காலிமுகத் திடலிலே, கட்டடக் கலைஞர் சேர் எட்வின் லட்டியன்ஸ் வரைந்த நினைவுத்தூண் 1923 இல் எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானியர் பீரங்கிக்கு அது குறியடையாளமாகிவிடுமென்று அஞ்சிப் பெயர்க்கப்பட்ட அத்தூண், இன்று விகாரமகாதேவிப் பூங்காவிலே நிற்கின்றது.

அப்போருக்கு இலங்கையிலிருந்தும் ஆடவர் சென்றிருந்தனர். அவர்களுள் சிலர் திரும்பி வரவில்லை. திரும்பியவர்களுட் சிலர் தொழிலின்றி வாடினர். ஆனால் கொழும்புத் தெருக்களிலும் பாடசாலைகளிலும் விற்கப்பட்ட பொப்பியின் பணத்திலே பெரும்பகுதி கடல் கடந்து பிரித்தானிய வீரருக்கே சென்றது. ஏலியன் பெரேரா என்னும் முன்னாட் படைவீரர் இவ்வநீதியைக் கண்டு மனம் பொறாதவரானார். 1931 ஆம் ஆண்டளவிலே, பொப்பி விற்கப்படும் அதே நாளில், இலங்கை வீரரின் நன்மைக்காகச் 'சூரியமல்' விற்பனையைத் தொடங்கினார்.

சூரியமல் என்று சிங்கள மக்கள் வழங்குவது நமது பூவரசம்பூவே. யாழ்ப்பாணத்து வேலிகளிலே கதியாலாக நிற்பது, குழைக்காக வெட்டப்படுவது, சிறுவர் இலையைச் சுருட்டி ஊதல் செய்து விளையாடுவது. காலையிலே மஞ்சளாக மலர்ந்து மாலையிலே செந்நிறம் கொள்ளும் அப்பூவை யாரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. விலையற்ற அப்பூவை விலைமதிப்புள்ளதாக்கிய பெருமை, தம் தோழரின் பசியை அறிந்த ஒரு பழைய வீரருக்கு உரியது.

வெள்ளவத்தையும் வாலிபரும்

அந்நாளிலே கொழும்பில் வாலிபர் சங்கங்கள் பல எழுந்தன. அவற்றுள் தென் கொழும்பு வாலிபர் லீக் ஒன்று. 1933 பெப்ரவரியிலே வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, அவர்களுக்குத் துணையாக நின்றவர்கள் இவ்வாலிபரே. கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அவ்வேலைநிறுத்தத்திலே முன்னின்றார். அவ்வாலையின் இயந்திர ஓசை ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. அந்நிலத்திலே இன்று உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. அவ்வழியே நாள்தோறும் செல்லும் நம்மவருள், இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றிலே அவ்விடத்திற்குள்ள முக்கியத்தை அறிந்தோர் எத்துணையர்!

அவ்வாண்டிலேயே அவ்வாலிபர் சூரியமல் இயக்கத்தையும் தமதாக்கிக்கொண்டனர். ஹொரணையிலே வில்மட் பெரேராவின் இல்லத்தில் நடந்த கூட்டத்திலே டொரீன் யங் தலைவியாகவும், டெரன்ஸ் டி சில்வா, றொபின் ரத்தினம் ஆகியோர் இணைச் செயலாளராகவும், ரோய் டி மெல் தனாதிகாரியாகவும் தெரிவாயினர். சிங்களவரும் தமிழரும் ஆங்கிலப் பெண்மணியொருவரும் ஒரு பூவின் கீழ் ஒன்றுகூடிய காட்சி அது. ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபராயிருந்த டொரீன் அம்மையார், 'மலர்களின் போர்' என்னுந் தலைப்பிலே 'சிலோன் டெயிலி நியூஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். தம் நாட்டு வீரர் இங்கே வறுமையில் உழல, இலங்கைப் பிள்ளைகள் பிரித்தானிய வீரருக்காகப் பொப்பி வாங்கும்படி நிர்ப்பந்திக்கப்படுவது எவ்வளவு பொருந்தாச் செயலென்று அவர் எடுத்துக்காட்டினார். அதனால் தம் இனத்தவரின் நிந்தைக்கு ஆளானார்.

இரண்டாம் உலகப் போர் வரை ஆண்டுதோறும் நவம்பர் 11 ஆம் நாளிலே ஆடவரும் பெண்டிரும் தெருத்தெருவாகச் சூரியமல் விற்றனர். செல்வர் பொப்பி அணிந்தனர். ஏழைகள் பூவரசம்பூ அணிந்தனர். சேர்ந்த பணம் சொற்பமே. தெருக்களிலே பணந் திரட்டுவதை ஒழுங்குசெய்யும் சட்டமொன்றைக் கொண்டு அரசாங்கம் அவ்வியக்கத்தைக் கட்டுப்படுத்தவும் முயன்றது.

1934 இன் இறுதியிலே கொடிய மலேரியா இந்நாட்டைப் பற்றிக்கொண்டது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சூரியமல் தொண்டர் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். நோயினும் பசியே பெரிதாயிருக்கக் கண்டு, மார்மைற்றை உருண்டையாக உருட்டிக் கொடுத்தனர். பருப்பு வழங்கிய கலாநிதி என். எம். பெரேராவைப் 'பருப்பு மாத்தயா' என்று அழைத்தனர் அம்மக்கள். இத்தொண்டிலே பயின்ற வாலிபரே 1935 டிசம்பர் 18 ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தாபித்தவருள் முதன்மையானோர்.

இவ்வியக்கத்தின் பெருமை மறுக்கொணாதது. ஆயினும் வரலாற்று மாணவன் ஒரு வினாவைக் கேட்டே தீரவேண்டும். ஏலியன் பெரேரா எந்த வீரருக்காகப் பூ விற்கத் தொடங்கினாரோ அந்த வீரர் என்னவாயினர்? 1933 இன் பின் சூரியமல் ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் கொடியாயிற்று. போரையே கண்டிக்கும் குரலாயிற்று. பின்பு நோய்தீர்க்கும் தொண்டாயிற்று. இவை யாவும் நற்காரியங்களே. ஆனால், நொண்டிக் காலோடு ஊர் திரும்பிய பழைய வீரன் அக்கதையின் முதற் பக்கத்திலே தோன்றிப் பின் மறைந்துபோகின்றான். பொப்பி அணிந்தவர் அவனிடத்திலே சாம்ராச்சியத்தைக் கண்டனர். சூரியமல் அணிந்தவர் அவனிடத்திலே சாம்ராச்சியத்தின் அநீதியைக் கண்டனர். இரு சாராரும் அவனைத் தாண்டி வேறொன்றையே நோக்கினர். போரிலிருந்து திரும்பியோரைப் பற்றிய பொதுமக்கள் எண்ணத்திலே பெரும்பாலும் நேர்வது இதுவே. ஒரு கருத்தின் அடையாளமாகவே அவன் மதிக்கப்படுகின்றான், அல்லது வெறுக்கப்படுகின்றான்.

வாஷிங்டன் நகரிலே

செல்வம் கொழிக்கும் நாடுகளிலும் இதே நிலைதான். கொழும்பிலே சூரியமல் விற்கப்பட்ட அதே காலத்தில், ஐக்கிய அமெரிக்காவில் முதலாம் உலகப் போரில் ஈடுபட்ட வீரர் ஆயிரக்கணக்கில் தலைநகரை நோக்கித் திரண்டனர். 1924 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவர்களுக்கு ஊக்கத்தொகை வாக்களித்திருந்தது. ஆனால் அது கைக்கு வருவது 1945 இலே. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து பசித்திருந்தோர், அத்தொகையை உடனே தரும்படி கேட்டு 1932 இல் வாஷிங்டனிலே மனைவி மக்களோடு குடிசையமைத்துத் தங்கினர். ஜூலை 28 ஆம் நாள், ஜனாதிபதி ஹூவரின் ஆட்சியிலே, தளபதி மக்ஆதர் தலைமையில் வந்த படை கண்ணீர்ப்புகை வீசி அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மலர் தூவி வரவேற்கப்பட்டவர்களை அதே நாட்டுப் படையே துரத்தியது. அத்தொகை 1936 இலே கிடைத்தது. இந்த வெட்கத்தை மறவாத அந்நாடு, இரண்டாம் உலகப் போரின் வீரர் திரும்பு முன்னரே, 1944 இல், அவர்களுக்குக் கல்வியும் வீட்டுக் கடனும் அளிக்கும் சட்டத்தை இயற்றியது. தவற்றிலிருந்து பாடம் கற்ற நாடு என்று அதனைப் பாராட்டலாம்.

தீர்ப்பு எவர்மேல்?

தமிழரின் அண்மைக்கால வரலாற்றிலே இரு நிகழ்ச்சிகளை நோக்குவோம். மலாயாத் தோட்டங்களிலே பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர் பலர் நேதாஜி சுபாஸ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையிலே துவக்கேந்தினர். 1945 இலே சிங்கப்பூர்க் கடற்கரையில் அப்படையின் மாண்ட வீரருக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரித்தானியர் வெடிவைத்துத் தகர்த்தனர். ஆனால் அவ்வாண்டின் இறுதியில் தில்லிச் செங்கோட்டையிலே அப்படைத் தலைவர் மூவரை விசாரணைக்கு நிறுத்தியபோது இந்தியா முழுவதும் கொதித்தெழுந்தது. அந்நியன் துரோகி என்றவனை மக்கள் தியாகி என்றனர். அவ்வாறு போற்றப்பட்டோரையும் சுதந்திர இந்தியா தன் படையிலே திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972 இல் ஏற்பட்ட சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டமே அவர்களிற் பலருக்குக் கைகொடுத்தது.

மற்றையது நம் மண்ணிலே நிகழ்ந்தது. 1987 ஜூலை 29 ஆம் நாள் செய்த உடன்படிக்கையின்படி இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படை 1990 மார்ச் மாதத்திலே திரும்பிச் சென்றது. ஏறத்தாழ 1,200 பேரை இழந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த அப்படையை வரவேற்கத் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. ஈழத் தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்பதே காரணம். அம்முடிவைக் கண்டித்தோரும் உண்டு, போற்றியோரும் உண்டு. 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் நாட்களில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலே வைத்தியரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டதை அறிந்தவர் எவரும், அப்புண்ணின் ஆழத்தைக் குறைத்துப் பேசத் துணியார்.

இங்கேதான் நம் சிந்தனை தெளிவாக இருத்தல் வேண்டும். போரை ஏவியோர் ஒருவர். களத்திலே குற்றமிழைத்தோர் வேறொருவர். கட்டளைக்குப் பணிந்து சென்று கால் இழந்து வந்த ஏழை வீட்டுப் பிள்ளை மற்றொருவர். இம்மூவரையும் ஒரே தராசிலே நிறுத்துவது நீதியன்று. குற்றத்துக்கு விசாரணை வேண்டும். கொல்லப்பட்டோருக்கு நியாயம் வேண்டும். ஆனால் போரின் மீது கொண்ட வெறுப்பை, கண்ணுக்கெட்டிய முதல் வீரன் மீது கொட்டுதல் எளிது, அத்துணை பயனற்றது. அதுபோலவே, 'வீரர்' என்னும் பட்டத்தைச் சூட்டிவிட்டு அவன் குற்றத்தையும் பசியையும் ஒருங்கே மறைப்பதும் தகாது.

நம் நாளிலே

2009 மே மாதத்திலே இந்நாட்டின் நெடும்போர் முடிவுற்றது. அதிலிருந்து திரும்பியோர் இரு திறத்தினர். அரசாங்கப் படையினரை 'ரணவிரு' என்று பெயரிட்டுப் பாராட்டினர். அவர்கள் நலனுக்கென 1999 ஆம் ஆண்டிலேயே ஓர் அதிகாரசபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும் பின்னாளிலே, அவயவம் இழந்த முன்னாட் படையினர் ஓய்வூதியங் கேட்டுக் கொழும்புக் கோட்டையிலே திரண்டபோது, அவர்கள் மீது நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. வாஷிங்டன் நிகழ்ச்சி பல ஆண்டுகளின் பின் நம் நகரிலே திரும்ப நிகழ்ந்தது போலாயிற்று.

மறுபுறத்தில், விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டனர் என்பது அரசாங்கக் கணக்கு. அவர்களிற் சிலர் சிறுவயதிலே பலவந்தமாகச் சேர்க்கப்பட்டவர்கள். ஊருக்குத் திரும்பிய அவர்களை நம்மவர் எப்படி நோக்கினர்? ஒரு காலத்திலே வாசலில் நின்று வாழ்த்தியோர், பின்னாளிலே படலையைச் சாத்தினர். உளவு பார்க்க வந்தானோ என்று ஒருவர் ஐயுற்றார். இவனுக்கு வேலை கொடுத்தால் நமக்கு வில்லங்கம் வருமோ என்று மற்றொருவர் அஞ்சினார். துவக்கேந்திய பெண்ணுக்கு வரன் பேசத் தயங்கினர். போற்றியபோதும் தூற்றியபோதும் அவளுடைய உள்ளத்தைக் கேட்டறிந்தவர் சிலரே. அரசாங்கத்தின் கண்காணிப்புக்கு அஞ்சியது மெய்யே. ஆனால் அச்சத்தின் பெயரால் நாம் செய்தவை யாவும் அச்சத்தால் மட்டும் செய்தவை அல்ல என்பதையும் நம் மனச்சாட்சி அறியும்.

இந்த இருளிலே நல்விளக்குகளும் உண்டு. 1968 ஆம் ஆண்டளவில் இராஜஸ்தானத்து ஜெய்ப்பூரிலே, கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் குறைந்த செலவிலே செய்யத்தக்க செயற்கைக் காலை உருவாக்கினர். வெறுங்காலோடு வயலில் இறங்கவும் சப்பணமிட்டு உட்காரவும் ஏற்ற அக்கால், நம் நாட்டு வாழ்க்கைக்கு மிகப் பொருத்தமானது. 1831 இலே தாபிக்கப்பட்ட கொழும்பு நட்புதவிச் சங்கம் 1985 முதல் அதனைச் செய்து வழங்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் 1987 இல் ஜெய்ப்பூர்க் கால் நிலையம் ஆரம்பமாயிற்று. கண்ணிவெடி எவர் காலையும் ஒன்றாகவே பறித்தது. அச்செயற்கைக் காலும் எவரையும் ஒன்றாகவே தாங்குகின்றது.

இந்து வாலிபராகிய நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? போரைப் பற்றி நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கருத்துடையோமாகலாம். நாரத முனிவரின் கேள்வியோ கருத்தைப் பற்றியதன்று, சோற்றைப் பற்றியது. வீழ்ந்தோரின் மனைவியர் உண்கின்றனரா? தோற்றவன் அடைக்கலம் பெற்றானா? கோயில் திருவிழாவிலே அன்னதானப் பந்தியில் அமர்வோரை யார் எவரென்று கேட்பது நம் மரபன்று. அந்த மரபைத் தொழிற்சாலை வாசலுக்கும், கடைக் கல்லாவுக்கும், திருமணப் பேச்சுக்கும் கொண்டு செல்லுதல் ஆகாதா? ஊன்றுகோலோடு வேலை தேடி வருபவனை, அவன் எந்தப் பக்கத்தில் நின்றான் என்று கேட்குமுன், என்ன தொழில் தெரியுமென்று கேட்போம். அவன் சொல்ல விரும்பினால், அவன் கதையைக் குறுக்கிடாது கேட்போம். மலர் சூட்டுவதும் நினைவுத்தூண் எழுப்புவதும் ஆண்டுக்கொரு நாட் காரியம். மற்றை முந்நூற்றறுபத்துநான்கு நாளும் அவன் நம் அயலிலேதான் வாழவேண்டியிருக்கின்றது.